வாசகர் கேள்வி – பதில்: அமெரிக்காவில் விரைவுச் செவிலியர் பட்டம், வகுப்பு தொடங்கும் முன்

வேறொரு துறையில் ஏற்கெனவே பட்டம் பெற்ற ஒருவர் செவிலியராக விரும்பினால், மீண்டும் நான்கு ஆண்டுகளைச் செலவிடாமல், பெரும்பாலும் 11 முதல் 18 மாதங்களுக்குள் பி.எஸ்.என். (செவிலியர் இளங்கலை) பட்டம் பெறுவதற்கு அமெரிக்காவில் தனிப் பாடத்திட்டங்கள் உள்ளன. செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971-இல் தொடங்கிவைத்த இந்த முறை இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது. திருமணமாகி அங்கே சென்று, கையில் இந்தியப் பட்டத்துடன் வீட்டிலிருக்கும் தமிழ்ப் பெண்கள் பலரும் இதில் சேர்கிறார்கள். சேரவிருப்பவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் எழுதிய கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, நான் கோவையில் உயிர்வேதியியலில் முதுகலை முடித்தவள். வயது 36. கிரீன் கார்டு உள்ளது. 15 மாத விரைவுப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. வகுப்பு தொடங்க இன்னும் மூன்று மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் மருந்தியல் பாடநூலையும் மெடிக்கல்-சர்ஜிக்கல் நர்சிங் பாடநூலையும் வாங்கிப் படித்து முடித்துவிட்டால் பின்னால் சுமை குறையும் அல்லவா?
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: வாழ்த்துகள், சகோதரி. ஆனால் அந்த இரண்டு நூல்களையும் இப்போது தொட வேண்டாம் என்றே சொல்வேன். ஒவ்வொன்றும் ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்டது; எதை ஆழமாகப் படிக்க வேண்டும், எதை மேலோட்டமாகப் பார்த்தால் போதும் என்பதைப் பேராசிரியர் சொல்லாமல் நாமாக அறிய முடியாது. மூன்று மாதம் வரிவரியாகக் கோடிட்டுப் படித்துவிட்டு, வகுப்பு தொடங்கும்போதே களைத்துப்போய் வரும் மாணவிகளை நான் பார்த்திருக்கிறேன். படிப்பு தொடங்கிய பிறகு உங்களுக்குக் கிடைக்காமல் போவது நேரம். ஆகவே, அந்த 15 மாதங்களில் உங்கள் நேரத்தைப் பிடுங்கக்கூடிய வேலைகளை இப்போதே முடித்துவைப்பதுதான் முதல் ஆயத்தம். ஆவணங்கள், தடுப்பூசி, பணம், குழந்தைகளுக்கான ஏற்பாடு ஆகியவற்றைப் பற்றி அடுத்தடுத்த பதில்களில் எழுதியிருக்கிறேன், அவற்றையும் படியுங்கள்.

படித்தே ஆக வேண்டும் என்று மனம் சொன்னால், மூன்று காரியங்களை மட்டும் செய்யுங்கள். முதலாவது, சேர்க்கைக்காக நீங்கள் ஏற்கெனவே முடித்திருக்கும் உடற்கூறியல், உடலியங்கியல் பாடங்களில் இதயம், நுரையீரல், சிறுநீரகம், உடல்நீரும் உப்புகளும் ஆகிய பகுதிகளை மட்டும் திரும்பப் படியுங்கள். உங்கள் உயிர்வேதியியல் அறிவு இங்கேதான் கைகொடுக்கும். இரத்தத்தில் பொட்டாசியம் 3.5 முதல் 5.0 வரை இருக்க வேண்டும் என்பதை மனப்பாடம் செய்வது எளிது. ஆனால் இதயச் செயலிழப்புக்காக ஃபியூரோசமைடும் டிகாக்ஸினும் சேர்த்து உட்கொள்ளும் நோயாளியின் அறிக்கையில் பொட்டாசியம் 2.9 என்று வந்தால், முதல் மருந்து சிறுநீர் வழியாகப் பொட்டாசியத்தை வெளியேற்றியிருக்கிறது, பொட்டாசியம் குறைந்த நிலையில் இரண்டாவது மருந்து இதயத்தின் துடிப்பொழுங்கைக் கெடுக்கும், ஆகவே காலை வேளை டிகாக்ஸினைக் கொடுக்காமல் நிறுத்திவைத்து மருத்துவரை அழைக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் எண்ணிப் பார்ப்பதைத்தான் தேர்வும் கேட்கும், வார்டும் கேட்கும்.

இரண்டாவது, மருந்தளவுக் கணக்கு. இதில் பல கல்லூரிகள் 90 சதவீதமோ அதற்கு மேலோ பெற்றால்தான் நோயாளிக்கு மருந்து கொடுக்கவே அனுமதிக்கின்றன. சில இடங்களில் நூற்றுக்கு நூறு வேண்டும். கணக்கு பள்ளிக்கூட அளவுதான், ஆனால் அமெரிக்க அளவைகள் குறுக்கே வரும். 44 பவுண்டு எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் அசிட்டமினோஃபென் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 2.2-ஆல் வகுத்து 20 கிலோ. அதற்கு 300 மில்லிகிராம். பாட்டிலில் 5 மில்லிலிட்டருக்கு 160 மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தால் 9.4 மில்லிலிட்டர். தினமும் பத்துக் கணக்கு போட்டுப் பழகினால் ஒரு மாதத்தில் கை ஓடத் தொடங்கிவிடும். எழுதும் முறையையும் இப்போதே பழகுங்கள்: அரை மில்லிகிராமை 0.5 என்று முன்னால் சுழியிட்டே எழுத வேண்டும்; ஐந்து மில்லிகிராமை 5.0 என்று ஒருபோதும் எழுதக்கூடாது, ஏனென்றால் புள்ளி கண்ணில் படாவிட்டால் அது 50 ஆகிவிடும். கூடவே மருந்துப் பெயர்களையும் கவனியுங்கள்: நாம் பாராசிட்டமால் என்பது அங்கே அசிட்டமினோஃபென், சால்ப்யூட்டமால் என்பது அல்பியூட்டரால், அட்ரினலின் என்பது எபிநெஃப்ரின்.

மூன்றாவது, செவிலியர் தேர்வுக் கேள்விகளின் போக்கு. நம் ஊர்த் தேர்வுகளில் நன்றாக எழுதிப் பழகியவர்கள் முதல் தேர்வில் அதிர்ந்துபோவது இங்கேதான். நான்கு நோயாளிகளைக் கொடுத்து யாரை முதலில் போய்ப் பார்ப்பீர்கள் என்று கேட்பார்கள்: அறுவை முடிந்து கடும் வலி என்கிறவர், வீட்டுக்குப் போகுமுன் இன்சுலின் போடக் கற்றுக்கொள்ளக் காத்திருப்பவர், நாள்பட்ட நுரையீரல் நோயுடன் ஆக்ஸிஜன் அளவு 90 சதவீதம் காட்டுபவர், தைராய்டு அறுவைக்குப் பின் மூச்சிழுக்கும்போது புதிதாகக் கீச்சொலி எழுப்புகிறவர். நால்வருக்கும் செவிலியர் தேவைதான். 90 என்ற எண் பயமுறுத்தினாலும் அந்த நோயாளிக்கு அது எதிர்பார்க்கப்படும் அளவே. நான்காமவருக்கோ கழுத்து வீங்கி மூச்சுக்குழாய் அடைபட்டுக்கொண்டிருக்கலாம், எனவே அவரிடம்தான் முதலில் ஓட வேண்டும். இத்தகைய கேள்விகள் அடங்கிய பயிற்சித் தொகுப்பு ஒன்றை வாங்கி, விடையைவிட விடைக்கான விளக்கத்தைக் கருத்தாகப் படியுங்கள். இறுதியில் நீங்கள் எழுதப்போகும், பதிவுபெற்ற செவிலியருக்கான (ஆர்.என்.) என்க்ளெக்ஸ்-ஆர்.என். உரிமத் தேர்வு 2023 ஏப்ரல் முதல் இந்த வகைச் சிந்தனையை இன்னும் கூடுதலாகச் சோதிக்கும்படி மாற்றப்பட்டிருக்கிறது. அதில் குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150; நேரம் ஐந்து மணி.

கேள்வி: கல்லூரியிலிருந்து தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை, பின்னணிச் சரிபார்ப்பு என்று நீண்ட பட்டியல் வந்திருக்கிறது. எனக்குச் சிறு வயதில் போட்ட ஊசிகளுக்கு எந்தச் சீட்டும் இல்லை. காசநோய்த் தோல் பரிசோதனை எனக்கு எப்போதும் பாசிட்டிவ் என்றே வரும். இதனால் இடம் பறிபோகுமா?
– வாசகி, டாலஸ், டெக்சஸ்

பதில்: பறிபோகாது, ஆனால் தாமதித்தால் மருத்துவமனைப் பயிற்சிக்குள் நுழைய விடமாட்டார்கள், விரைவுப் படிப்பில் ஒரு வாரப் பயிற்சியை இழந்தாலும் ஈடுசெய்வது கடினம். எனவே பட்டியல் கைக்கு வந்த அன்றே தொடங்குங்கள்.

உங்கள் இடது மேற்கையில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு இருக்கும். அந்த ஊசி போட்டவர்களுக்குக் காசநோய்க் கிருமி இல்லாவிட்டாலும் தோல் பரிசோதனை பாசிட்டிவ் காட்டக்கூடும். ஆகவே தோல் பரிசோதனைக்குப் பதிலாக ஐ.ஜி.ஆர்.ஏ. எனப்படும் இரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். குவாண்டிஃபெரான் என்ற பெயரில் பெரும்பாலான ஆய்வகங்களில் செய்கிறார்கள். பி.சி.ஜி. அதன் முடிவைப் பாதிப்பதில்லை. அந்த ஊசி போட்டவர்களுக்கு அதுவே ஏற்றது என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமும் சொல்கிறது. அதிலும் பாசிட்டிவ் வந்தால் மார்பு எக்ஸ்-ரே எடுத்து, மருத்துவர் சொல்லும் சிகிச்சையைப் பெற வேண்டும். நோயாக வெளிப்பட்ட காசநோய் இல்லை என்று சான்று கிடைத்தால் பயிற்சிக்குத் தடையில்லை.

சீட்டு இல்லாததற்காகக் கவலைப்பட்டு ஊரில் பெட்டிகளைத் துழாவச் சொல்ல வேண்டாம். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா, சின்னம்மை ஆகியவற்றுக்கு இரத்தத்தில் எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையைக் கல்லூரிகள் ஏற்கின்றன. சிறு வயதில் சின்னம்மை கண்டவர்களுக்குப் பெரும்பாலும் அது இருக்கும். இல்லையென்றால் எம்.எம்.ஆர். (முதல் மூன்று நோய்களுக்கும் சேர்த்துப் போடுவது), சின்னம்மை ஊசிகளை நான்கு வார இடைவெளியில் இரண்டு முறை போட வேண்டியிருக்கும். இவை உயிருள்ள கிருமியால் ஆனவை. கருவுற்றிருப்பவர்கள் போடக்கூடாது, போட்ட பிறகு ஒரு மாதம் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும். இன்னொரு நுணுக்கம்: இந்த ஊசிகளைப் போட்ட மறுநாளோ அடுத்த வாரமோ காசநோய்ப் பரிசோதனை செய்தால் முடிவை நம்ப முடியாது. ஒரே நாளில் இரண்டையும் செய்துகொள்ளுங்கள். தவறினால் நான்கு வாரம் காத்திருங்கள்.

அதிக நேரம் பிடிப்பது ஹெப்படைட்டிஸ் பி ஊசிதான். நம் தலைமுறையினர் பிறந்தபோது அது இந்திய அரசின் அட்டவணையில் இல்லை. வழக்கமான மூன்று ஊசிகளை முடிக்க ஆறு மாதமாகும். அதன் பின் ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்பாற்றலைப் பார்ப்பார்கள். அவ்வளவு காலம் இல்லையென்றால், ஒரு மாத இடைவெளியில் இரண்டே ஊசிகளில் முடியும் ஹெப்லிசாவ்-பி உங்களுக்கு ஏற்றதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மற்றவை எளிது. உயிர்காப்புப் பயிற்சிக்கு அமெரிக்க இதயச் சங்கத்தின் பி.எல்.எஸ். சான்றையே பெரும்பாலான கல்லூரிகள் கேட்கின்றன. அது இரண்டு ஆண்டுகள் செல்லும் என்பதால் இப்போது எடுத்தால் படிப்பு முடியும்வரை கவலையில்லை. இணையத்தில் மட்டும் நடத்தும் மலிவான வகுப்புகளில் பணத்தை விடாதீர்கள், பொம்மையின் மார்பை அழுத்திக் காட்டாத சான்றைக் கல்லூரி ஏற்காது.

கேள்வி: என் மனைவி அடுத்த பருவத்தில் சேர்கிறாள். மூன்று வயதிலும் ஏழு வயதிலும் பிள்ளைகள். ஊரிலிருந்து என் தாயாரை வரவழைத்தால் போதும் என்று நினைத்திருக்கிறோம். மாலையிலோ வார இறுதியிலோ அவள் பகுதிநேர வேலையும் பார்க்க முடியுமா?
– வாசகர், சார்லட், வட கரோலினா

பதில்: தம்பி, இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன்: வேண்டாம். கல்லூரிகளே வேலையை விட்டுவிடும்படி வலியுறுத்துகின்றன. வகுப்புகளோடு மருத்துவமனைப் பயிற்சி 12 மணி நேர முறைகளாக (ஷிஃப்ட்) வரும். காலை 7 மணிக்கு முறை தொடங்கினால் 6.45-க்கு வார்டில் நிற்க வேண்டும். மாலை 7 மணிக்கு மேல் வீடு திரும்பி, மறுநாளைக்கான படிப்பையும் முடிக்க வேண்டும். அந்த வருமானம் இல்லாமல் குடும்பம் நடக்குமா என்று முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். நடக்காது என்றால் ஓராண்டு தள்ளிச் சேர்வதே நல்லது.

உங்கள் தாயார் வருவது பெரிய உதவிதான். ஆனால் வருகையாளர் விசாவில் வருபவர்களுக்கு வழக்கமாக ஆறு மாதம்தான் தங்க அனுமதி தருகிறார்கள். படிப்போ ஒரு வருடத்துக்கு மேல். முதல் பருவத்துக்கே அவரை அழைத்துவிட்டால், பயிற்சி நேரம் மிகும் பிற்பகுதியில் ஆள் இருக்காது. எனவே குழந்தைகள் காப்பகத்தில் இப்போதே இடம் பதிந்துவையுங்கள். தாயாரின் வருகையைப் பிற்பகுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சின்னவனுக்குத் திடீரென்று காய்ச்சல் வந்தால் காப்பகத்தில் சேர்க்க மாட்டார்கள். அன்று விடுப்பு எடுக்கப்போவது நீங்கள் என்பதை உங்கள் மேலாளரிடம் முன்பே பேசிவைத்துவிடுங்கள். சமையலையும் ஏழு வயதுப் பிள்ளையின் வீட்டுப்பாடத்தையும் மனைவி சொல்லித் தராமலே நீங்கள் நடத்தும் நிலை வகுப்பு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே வந்துவிட வேண்டும். 'உதவி செய்கிறேன்' என்று நீங்கள் சொல்லும்வரை அந்தப் பொறுப்பு அவள் தலையில்தான் இருக்கிறது என்று பொருள்.

கேள்வி: இது இரண்டாவது பட்டம் என்பதால் அரசின் கல்வி உதவி கிடைக்காது என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, ஃபீனிக்ஸ், அரிசோனா

பதில்: பாதி உண்மை. ஒரு இளங்கலைப் பட்டம் ஏற்கெனவே இருப்பவருக்கு, அது இந்தியப் பட்டமாக இருந்தாலும், திருப்பித் தர வேண்டாத பெல் உதவித்தொகை பொதுவாகக் கிடைக்காது. ஆனால் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்கள் அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தை நிரப்பி அரசின் கல்விக் கடனைப் பெறலாம். பெற்றோரைச் சாராத இளங்கலை மாணவருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 12,500 டாலர், மொத்தத்தில் 57,500 டாலர் என்பதே வரம்பு. முன்பு அமெரிக்காவில் இளங்கலைக்குக் கடன் வாங்கியிருந்தால் அதையும் இதில் சேர்த்துக் கணக்கிடுவார்கள். தனியார் பல்கலைக்கழகங்களில் இந்தப் படிப்புக்கு 60,000 டாலரைத் தாண்டிக் கட்டணம் வாங்குவது சாதாரணம். படிப்போ ஒன்றேகால் ஆண்டில் முடிந்துவிடுகிறது. மீதத்துக்குத் தனியார் வங்கிக் கடனை நாட வேண்டிவரும் என்பதை இப்போதே எண்ணிப் பாருங்கள்.

மத்திய அரசின் நர்ஸ் கோர் உதவித்தொகைக்கு அவசியம் விண்ணப்பியுங்கள். கட்டணத்தோடு மாதாந்திர உதவியும் கிடைக்கும். ஈடாகச் செவிலியர் பற்றாக்குறை உள்ள இடத்தில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். சில மருத்துவமனைகளும் தம்மிடம் வேலைக்கு வருவதாக ஒப்பந்தம் எழுதித் தருபவர்களுக்குக் கட்டணம் கட்டுகின்றன. இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற விதியைக் கையெழுத்திடும் முன் படியுங்கள்.

கடன் மிகப் பெரிதாகத் தோன்றினால், சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு இணைப்பட்டம் (அசோசியேட் டிகிரி) படிக்கும் வழியைத் தாழ்வாக எண்ண வேண்டாம். அவர்களும் அதே உரிமத் தேர்வை எழுதி அதே ஆர்.என். உரிமத்தைப் பெறுகிறார்கள், வேலையில் சேர்ந்த பின் பி.எஸ்.என். பட்டத்தை நிறைவு செய்துகொள்கிறார்கள். பெரிய நகரங்களின் மருத்துவமனைகள் பலவும் பி.எஸ்.என். பெற்றவர்களையே முதலில் எடுக்கின்றன என்பது உண்மை. ஆனாலும் இரு பிள்ளைகளோடு பெருங்கடனில் படிப்பதைவிட ஓராண்டு கூடுதலாகும் வழி பல குடும்பங்களுக்குப் பொருத்தமாக இருக்கும் என்பதே என் கருத்து.

கேள்வி: நான் எச்-4 விசாவில் இருக்கிறேன். படித்து முடித்தால் வேலை கிடைத்துவிடும், அதை வைத்தே கிரீன் கார்டும் வந்துவிடும் என்று ஒரு தரகர் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகி, ராலே, வட கரோலினா

பதில்: எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில் படிக்கத் தடையில்லை. ஆனால் பட்டமும் உரிமமும் கையில் இருந்தாலும், வேலை அனுமதி அட்டை இல்லாமல் ஒரு நாள்கூடச் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. கணவருடைய கிரீன் கார்டுக்காக அவருடைய நிறுவனம் தாக்கல் செய்யும் ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால், 2015 முதல் நடைமுறையில் இருக்கும் விதியின்படி நீங்கள் அந்த அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அது இல்லாதவர்கள் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறிப் படித்தால், முடித்த பின் 12 மாதம் வேலை பார்க்கும் அனுமதி கிடைக்கும். அறிவியல், பொறியியல் மாணவர்களுக்குக் கிடைக்கும் இரண்டாண்டு நீட்டிப்பு செவிலியருக்கு இல்லை. கிரீன் கார்டு கோரும்போது, அந்த வேலைக்கு அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று காட்டும் தொழிலாளர் சான்று பெறும் படிநிலையிலிருந்து செவிலியர்களுக்கு விலக்கு உண்டு என்பது சரியே. ஆனால் அந்த விலக்கு இந்தியாவில் பிறந்தவர்களுக்கான நீண்ட வரிசையைக் குறைப்பதில்லை. வரிசையில் மற்றவர்களோடு நீங்களும் நின்றாக வேண்டும். தரகர் இதைச் சொல்லாமல் விட்டிருந்தால், அவருக்குப் பணம் கொடுக்காமல் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேர ஆலோசனைக்குச் செலவிடுங்கள். கட்டணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

கேள்வி: பாடம் எனக்குப் பயமில்லை. ஆனால் முன்பின் தெரியாத ஆண் நோயாளியைக் குளிப்பாட்டுவதை நினைத்தால் கூசுகிறது. தொலைபேசியில் மருத்துவர் வேகமாகப் பேசினால் என் ஆங்கிலம் தடுமாறும். வகுப்புக்கு முன் இதற்கு ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகி, சிகாகோ, இல்லினாய்

பதில்: இரண்டுக்கும் வழி உண்டு. முடிந்தால், சான்று பெற்ற செவிலி உதவியாளர் பயிற்சியை வகுப்பு தொடங்கும் முன் முடியுங்கள். மத்திய அரசின் விதிப்படி அதற்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி. உங்கள் மாநிலம் அதைவிடக் கூடுதலாகக் கேட்கும். குளிப்பாட்டுதல், படுக்கையில் திருப்பிப் படுக்கவைத்தல், மலம் கழிக்க உதவுதல், இரத்த அழுத்தம் பார்த்தல் ஆகியவற்றை அங்கே கையால் செய்து பழகிவிடுவீர்கள். நோயாளியின் உடல் முழுவதையும் போர்வையால் மூடி, துடைக்கும் கையை மட்டும் அல்லது காலை மட்டும் வெளியே எடுத்து, துடைத்து, உலர்த்தி, மீண்டும் மூடிவிட்டு அடுத்த பகுதிக்குப் போவதுதான் முறை. செய்யப்போவதை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டே தொடுவீர்கள். உங்களைவிட நோயாளிக்குத்தான் கூச்சம் அதிகம் என்பதை முதல் நாளே காண்பீர்கள்; அவருடைய கூச்சத்தைப் போக்குவதில் கவனம் போகும்போது உங்களுடையது பின்வாங்கிவிடும்.

தொலைபேசிப் பேச்சுக்கு எஸ்-பார் என்ற வரிசையைச் செவிலியர்கள் எல்லோருமே பயன்படுத்துகிறார்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும்தான். இப்போது என்ன நடக்கிறது, நோயாளியின் பின்னணி என்ன, நான் கண்டது என்ன, உங்களிடம் என்ன வேண்டுகிறேன் என்ற நான்கு வரிகள். எடுத்துக்காட்டாக: 'டாக்டர், 312-ஆம் அறை நோயாளிக்குப் பத்து நிமிடமாக மூச்சு வாங்குகிறது. நேற்று இடுப்பு எலும்பில் அறுவை நடந்தவர். நாடித்துடிப்பு 118, ஆக்ஸிஜன் 86 சதவீதம், நுரையீரலில் இரத்தக்கட்டி இருக்குமோ என்று அஞ்சுகிறேன். உடனே வந்து பார்க்க வேண்டும்.' இதை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் தொலைபேசியை எடுக்க வேண்டும். மருத்துவர் கூறும் உத்தரவைக் கேட்டபடியே எழுதி, அவருக்கே திரும்பப் படித்துக் காட்டி, சரி என்று அவர் சொன்ன பிறகே வைக்க வேண்டும் என்பது அங்கே கட்டாய நடைமுறை. எனவே புரியாததை மறுமுறை கேட்பதற்கு நீங்கள் தயங்க வேண்டியதில்லை. வீட்டில் கணவரையோ தோழியையோ மருத்துவராக வைத்து, வெவ்வேறு நோயாளிகளைக் கற்பனை செய்து, தினமும் இரண்டு அழைப்புகள் பேசிப் பழகுங்கள். பதினைந்து என்பதும் ஐம்பது என்பதும் ஆங்கிலத் தொலைபேசியில் ஒன்றுபோலவே காதில் விழும். மருந்தளவைச் சொல்லும்போதும் கேட்கும்போதும் 'ஒன்று, ஐந்து' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லி உறுதிசெய்துகொள்ளுங்கள்.